பணி முடிப்புச் சான்று

வியாழன் நாலு மணிக்கு ஆபீசர் வருகிறார்.
புதன் பொழுதோட காளப்பட்டியிலிருந்து போன்:
"ஏனுங்க மாகாளி,
அந்த மழைத்தண்ணிக் குழியை
எப்படியாச்சும் காட்டிப் போடுங்க."

தோண்டிப் போடுங்க என்று சொல்லவில்லை.
காட்டிப் போடுங்க.

வரைபடத்தில் குழி ஆறடி.
நீலக் கோட்டில் குழாய் இறங்க
தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்டு மண்ணுக்குள் போகிறது.
வரைந்தவருக்குச் சுக்காங்கல் தெரியாது.
இரண்டடியில் கடப்பாரை துள்ளித் திரும்பி
பிகாசின் முழங்கைக்கு ஏறியது.
ஒடியாவில் அவன் சொன்னது
எனக்கும் புரிந்தது.

அங்கேயே நிறுத்தினோம்.
ஜல்லி, ஜல்லிமேல் மணல்,
மணல்மேல் கூழாங்கல்; அலசித் துடைத்து,
மீன்தொட்டிக்குப் போடுவதுபோல.
போட்டோவில் ஆழம் விழாது.

விதி நல்ல விதிதான்.
ஆயிரத்து இருநூறு அடி போர் இறங்கி
புழுதி மட்டும் பறந்தபோது
பக்கத்தில் நின்றவன் நான்.
தலைமுடியில் ரெண்டு நாள் இருந்தது அது.
எங்கள் வீதிக்குப் பதினோரு நாளைக்கொருக்கா தண்ணி.
என் சம்சாரத்தின் செல்லில்
அலாரம் ராத்திரி ரெண்டேகாலுக்கு.

இப்போது குடிக்க ஒரு கோடு, கக்கூசுக்கு ஒரு கோடு.
குளித்த தண்ணீர் சுத்தமாகி
ஃப்ளஷ் டேங்குக்கு ஏற வேண்டும்.
டீ, எல்போ, கிளாம்பு எல்லாம் இரட்டை.
பாயிண்ட் ரேட் மட்டும் ஒற்றை.

ஒருமுறை மூணாவது மாடியில் கோடு மாறிப்போய்
சமையலறைக் குழாயில் சோப்பு நாறியது.
எல்லோரும் என்னைத் தேடினார்கள்.
சான்று வந்த அன்றைக்கு யாரும் தேடவில்லை.
படிவத்தில் உரிமையாளருக்குக் கட்டம்,
இன்ஜினியருக்குக் கட்டம்,
அலுவலக உபயோகத்துக்கென்று
வெறுமனே ஒரு பெரிய கட்டம்.
குழாய் ஒட்டியவனுக்கு
ஒரு புள்ளிகூட இல்லை.

கணக்கு நோட்டில், பின்பக்கமிருந்து,
தலைகீழாக எழுதி வைத்திருக்கிறேன்:
சரவணம்பட்டி, மஞ்சள் கேட்: டைல்ஸ் வரைக்கும்.
விளாங்குறிச்சி, பல் டாக்டர்: சுவர் வரைக்கும்.
காளப்பட்டியோடு பதினேழு.
யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

ஆபீசர் வந்தார், கூழாங்கல்லைப் பார்த்தார்,
செருப்பு நுனியால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார்,
மோர் குடித்தார்.
வெள்ளிக்கிழமை சான்று.

ஐப்பசி மழையில், மணி பதினொன்று,
மஞ்சள் கேட் வீட்டுக்காரர்:
"மாடியில கணுக்கால் தண்ணி நிக்குதுங்க,
பெட்ரூம்ல ஒழுகுது.
மழைக்குழாய் அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது."
அடைக்கவில்லைங்க,
பிறந்ததிலிருந்தே அது அப்படித்தான்
என்று வாய் வரைக்கும் வந்தது.

மொபெட்டில் பின்னால் பிகாஸ்,
கடப்பாரையை நட்டமாகப் பிடித்தபடி,
துணியில்லாத குடைபோல.
டைல்ஸை உடைத்தோம்.
அடியில் என் எல்போ, என் மூடி,
மூடிமேல் மார்க்கரில்
நானே போட்ட 'சரி' குறி.
ஆக்ஸா பிளேடு பாதி அறுக்கும்போதே
தண்ணீர் மூடியைத் தூக்கி
முதலில் என் நெஞ்சில் அடித்தது.
பிறகுதான் மண்ணைப் பார்த்தது.
அங்கே சுக்காங்கல் இல்லை.
விடிய விடிய ஊற்றியும்
பள்ளம் நிரம்பவேயில்லை.

குடைக்குள் இருந்து அவர் கேட்டார்:
"இதே டிசைன்ல டைல்ஸ்
இப்பக் கிடைக்குங்களா?"

தெரியலைங்க என்றேன்.
வண்டியடியில் நோட்டைத் தலைகீழாய்த் திருப்பி
முதல் வரியை அடிக்கப் பார்த்தேன்.
தாள் நனைந்திருந்தது,
பேனா பிடிக்கவில்லை.