பதினோராயிரத்து நானூற்று அறுபது

ஸ்கேனர் திரையில் முதலில் தெரிந்தவை
நெத்திலிகளின் முதுகெலும்புகள்,
ஊசி ஊசியாய், ஒரு பை நிறைய.
காவலர் என்னைக் கூப்பிட்டார்:
"சார், விசாவுக்கு இல்லையாம்.
ஏதோ குடுக்க வந்திருக்காங்களாம்."

நுங்கம்பாக்கத்தின் இந்தத் துணைத் தூதரகத்தில்
பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்க்கிறேன்.
கேட்க வருகிறவர்களின் தமிழ் எனக்கு அத்துப்படி.
முதலில் குரல் தாழும், பிறகு ஃபைல் திறக்கும்.
கொடுக்க வருகிறவர்களின் தமிழை
கண்ணாடிக்கு இப்புறம் கேட்டதில்லை.

கோசுமணி, குப்பத்துப் பஞ்சாயத்தின் கணக்கு பார்ப்பவர்.
அஞ்சலாட்சி, மீன் ஏலம் விடுபவர்,
குரலை இறக்கத் தெரியாதவர்.
மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் நடுவே
டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க ஊர்ல கடல் உள்ள வந்துச்சாமே.
டிவில பாத்தோம். காரெல்லாம் மெதக்குது.
ஒரு பொம்பள நாயத் தூக்கிக்கினு
கூரை மேல நிக்கிறா."
உங்க ஊர் என்றபோது என்னைத்தான் பார்த்தார்.
என் ஊர் வேளச்சேரி என்று சொல்ல
அது நேரமில்லை.

மஞ்சள் பையிலிருந்து பணம் வந்தது,
பத்தும் இருபதுமாய், ரப்பர் பேண்டு போட்டு.
சில நோட்டுகளில் செதில்.
பிறகு கருவாடு. பிறகு
ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.
சுனாமிக்கு அடுத்த மாதம்
எந்த தேசத்திலிருந்தோ லாரியில் வந்திறங்கியதாம்,
தை மாதத்திலும் வேர்க்கிற குப்பத்துக்கு.
"மத்ததெல்லாம் நண்டு பிரிக்கப் போட்டே கிழிஞ்சிது.
இது ஒண்ணுதான் புதுசு. அங்க குளிருமே."

துணைத் தூதர் இறங்கி வந்தார்.
நல்ல மனிதர், கைகூட கூப்பினார்.
அவர் சொன்னதை நான் தமிழாக்கினேன்:
நெகிழ்ந்துவிட்டோம்.
எங்கள் அரசிடம் போதுமான நிதி இருக்கிறது.
மேலும், இதைப் பெற்றுக்கொள்ள
எங்களிடம் கணக்குத் தலைப்பு இல்லை.

"தலைப்பு இல்லியா?" என்றார் கோசுமணி,
ஒரு கணக்கருக்கே உரிய கவலையோடு.

அஞ்சலாட்சி ஏலக்குரலில்:
"அன்னிக்கு எங்களுக்கு மட்டும் இருந்துச்சா?
கைய நீட்டுனோம். வாங்குனோம்.
உள்ளுக்குள்ள செத்துதான் வாங்குனோம்.
நீங்களும் ஒரு தபா வாங்கிப் பாருங்களேன்."

இதையும் மொழிபெயர்த்தேன்.
'செத்து' என்பதை விட்டுவிட்டேன்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
எட்டாவது படியில் நின்றது தண்ணீர்.
காசிமேடோ பட்டினப்பாக்கமோ,
லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் படகொன்று
ஏடிஎம் பலகையை உரசி மிதந்து வந்து
என் மனைவியை, கைக்குழந்தையை, கடைசியாய் என்னை
மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டது.
நனைந்த ஆயிரம் ரூபாயை நீட்டினேன்.
"வெச்சுக்க சார்" என்றான் துடுப்புக்காரன்,
முகம்கூடப் பார்க்காமல்.
அந்த நோட்டை வேறெதற்கும் செலவழிக்க மனம் வரவில்லை.
மறுவருடம் அது செல்லாமலே போயிற்று.

அவன் மறுத்ததும் இவர் மறுப்பதும்
ஒன்றா வேறா என்று யோசிப்பதற்குள்
அடுத்த டோக்கனை அழைத்தது ஒலிபெருக்கி.

கோசுமணி பணத்தைத் திரும்ப எண்ணினார்.
சரியாக இருந்தது. "ரசீது குடுங்க" என்றார்.
வாங்கவே இல்லையே, ஐயா.
"ஞாயித்துக்கிழம கூட்டத்துல காட்டணும்.
இல்லாட்டி, போன மாதிரி போயி
ரெண்டு பேரும் ஓட்டல்ல துன்னுட்டு வந்துட்டாங்கன்னு
பேச்சு வரும்."

லெட்டர்பேடை எடுக்க எனக்கு அதிகாரமில்லை.
டோக்கன் சீட்டின் முதுகில் எழுதினேன்.
'பெறப்பட்டது' என்று பழக்கத்தில் ஓடப்போன பேனாவை நிறுத்தி
ரூ. 11,460.
கொண்டுவரப்பட்டது.
தேதி, என் கையெழுத்து.
அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கருவாட்டையும் கையுறையையும்
எடுத்துப்போக மறந்துவிட்டார் அஞ்சலாட்சி.
மறந்தாரா என்பது தெரியாது.
இரண்டு நாள் ஏசிக் காற்றில் சுற்றியது வாசனை,
விசா கேட்டவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.
மூன்றாம் நாள் மாலை
என் மேஜையருகே வந்து நின்ற துணைத் தூதர்
குரலைத் தாழ்த்தி,
இதை எப்படிச் சமைப்பது என்று கேட்டார்.

முதலில் தலையைக் கிள்ள வேண்டும்
என்று ஆரம்பித்தேன்.