மற்றவை

கச்சேரியில் எடுத்துவந்த படிவம்.
நாலாம் கேள்வி, இனம்:
சிங்களம், தமிழ், முஸ்லிம், மற்றவை.
மற்றவையில் புள்ளடி போட்டான் நெவில் பார்த்தலட்.
விபரம் எழுத அரை விரல் இடம்.
அரை விரலுக்குள்
எந்தக் கப்பலை ஏத்துறது?

குழுவின் பெயர்?
டச்பார்க் கலியாணங்களில்
எங்களைக் கூப்பிடுறது
‘அந்தக் கறுவல் பொடியன்மார்’ எண்டு.
கறுவல் கலைக் கழகம் என்று எழுதினோம்.
யூலியானா சிரிச்ச சிரிப்பில்
பேனை மேசைக்குக் கீழே உருண்டது.

பயனாளிகள் தொகை?
ஆடுறது பதினொரு பேர்.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த
பொலிஸ்காரனையும் சேர்க்கலாமா?

வயலின் நரம்பு, ரபானுக்குத் தோல்,
பாவாடைத் துணி முப்பத்தாறு யார், வான் வாடகை.
கழகத்தின் பேரில் வங்கிக் கணக்கும் வேணுமாம்.
அதுக்கே மூண்டு மாதம் போச்சு.

மறுகா ஒரு கடிதம்:
‘கலாசாரக் கூறு தெளிவில்லை.
அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும்.’

நாலாய் மடிச்சு
மேசைக்காலுக்குக் கீழ வைச்சம்.
மேசை ஆட்டத்தை விட்டிட்டுது.

சனிக்கிழமை தாண்டவன்வெளியில்
ஒரு கலியாணம் கிடக்கு.
வயலினில் மூண்டு நரம்பு கிடக்கு.