பல் தடம்

ஒன்பதரைக்குப் பூட்டைத் திறக்கிறேன்.
தோல்னா க்ருஷாவில் எனக்கு முன்பே எழுவது
பேருந்து மட்டும்தான்.
அருங்காட்சியக வாசலில் ஒரு வட்டம் அடித்து
ஆளிறக்காமலே திரும்பிப் போகிறது.
அது திரும்புகிற இடத்தில்தான்
நான் பிறந்தேன்.

எழுபத்திரண்டில் மூன்று வீடுகளை இடித்தார்கள்.
நெடேல்கோவுடையது, செருப்புத் தைக்கும் அசேனுடையது,
எங்களுடையது.
தலைவர் பிறந்த வீட்டுக்கு மூச்சுவிட இடம் வேண்டுமாம்.
அப்பாவுக்கு நகரத்தில் நாலாம் மாடியில் ஒரு ஃபிளாட்,
ஒரு கைகுலுக்கல்.
அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்:
"மிளகாயை எங்கே காயப்போடுவது?"

ஊருக்கெல்லாம் தெரியும்,
ராங்கெல் மொமினின் தொட்டில் அடுப்பில் எரிந்த கதை.
இல்லாத வீடு. பிள்ளை எழுந்து நடந்ததும்
தொட்டில் விறகு.
ஆனால் "தொட்டில், ஒன்று" என்று
சோஃபியாவில் யாரோ பட்டியலில் தட்டச்சு செய்துவிட்டார்கள்.
பட்டியல் பொய்யாகக் கூடாதல்லவா,
இடிபாட்டிலிருந்து எங்கள் தொட்டிலைத் தூக்கிப்போனார்கள்.
வால்நட் மரம்.
வலது விளிம்பில் நாலு சின்னப் பள்ளங்கள்,
பல் முளைத்தபோது நான் கடித்தவை.

திறப்பு விழாவில் எனக்குப் பதினொன்று.
கழுத்தில் சிவப்புத் துணி, கையில் கார்னேஷன் பூக்கள்.
அவர் தொப்பியைக் கழற்றினார், குனியவில்லை,
நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.
(நிலைப்படி அசல்.)
தொட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்த விரல்
பள்ளத்தில் நின்றது.
"நானா?"
"தாங்கள்தான், தோழரே" என்றார் இயக்குநர்.

என் மாமாவை மூன்று வருஷம் கல்லுடைக்க அனுப்பிய தாளில்
கையெழுத்துப் போட்ட விரல்கள் அவை.
அந்த மனிதர் அழுதார்.
சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
யாராவது தன் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்பதுபோல.
பூக்களை நீட்டினேன். கன்னத்தைத் தட்டினார்.
நான் வாயை இறுக்க மூடியிருந்தேன்,
பல் தெரிந்துவிடக் கூடாதென்று.

பிறகு எத்தனை ஆயிரம் விரல்கள்!
தொட்டிலிலேயே மரத்தைக் கடித்தவர்
முதலாளியை விட்டுவைப்பாரா என்பார் வழிகாட்டி.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும்.
பள்ளங்கள் வழவழப்பாகிவிட்டன.

காலம் மாறியது. சிலையை எடைக்குப் போட்டார்கள்.
கூரை நன்றாக இருந்ததால் வீடு தப்பியது.
தொண்ணூற்று நாலில் டிக்கெட் கிழிக்க ஆள் தேடினார்கள்,
நான் வந்தேன்.
அம்மா போனபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி,
படம் போட்ட இரங்கல் தாளை வீட்டுக் கதவில் ஒட்டவேண்டும்.
எந்தக் கதவில்?
பேருந்து நிறுத்தக் கம்பத்தில் ஒட்டினேன்.
பனி தின்ன ஒரு மாதம் ஆயிற்று.

போன இலையுதிர் காலத்தில்
அமைச்சகத்திலிருந்து ஒரு பையன், கலோயான்.
மடியில் கணினி. இனி உண்மை மட்டும்தானாம்.
கட்டில்?
சந்தையில் வாங்கியது.
கடிகாரம்?
பக்கத்து மாவட்டத்துப் பாதிரியார் வீட்டிலிருந்து வந்தது.
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான்.
தொட்டில்?
அசல், என்றேன்.
ஆதாரம்?

வாயைத் திறந்தேன்.
அவை பால்பற்கள். விழுந்து எத்தனையோ வருஷம்.
இருக்கிறவற்றிலும் பாதி மருத்துவர் கட்டியவை.
ஒரு குழந்தை இதில் தூங்கியது, என்றேன்,
எனக்குத் தெரியும்.
அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்,
"வாய்வழிச் சான்று" என்று எழுதிக்கொண்டான்.

ஐந்து மணிக்குப் பேருந்து வருகிறது.
எங்கள் சமையலறைக்குள் நுழைந்து,
அம்மா படுக்கும் மூலையில் பின்வாங்கி,
மிளகாய்ச் சரம் தொங்கிய பக்கமாக வளைந்து போகிறது.
ஓட்டுநர் ஹாரனைத் தொட்டு ஒரு சின்னச் சத்தம் கொடுப்பான்.
இன்று மறந்துவிட்டான்.