பேசாத புட்டி

பின்னிரவு மூன்று பத்துக்குப்
பெட்டிக்குள் ஒரு புட்டி கத்தியது.
யாரோ ஒருவரின் இரத்தம்,
நேற்று மாலை ஊட்டநீரில் கலந்து
உடம்புச் சூட்டில் அடைகாக்க வைத்தது.
உள்ளே எதுவோ மூச்சு விட்டிருக்கிறது.
அடித்தட்டின் பச்சை மஞ்சளாகிவிட்டது.
ஒளிந்திருப்பவரை எப்போதும்
மூச்சுதான் காட்டிக்கொடுக்கிறது.

நொவீனாவில் ஏழாம் மாடி.
நானும் குளிரூட்டியின் இரைச்சலும்,
கதவுக்கு வெளியே, மேசைமேல்
ஆறிப்போன என் கோப்பியும்.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துச்
சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
இளஞ்சிவப்புக் குச்சிகள்.
இரு முனையும் அடர்ந்து நடுவில் வெளிறி,
கொட்டிக் கிடக்கும் ஊக்குகள் போல.

தொலைபேசியில் மருத்துவர் ஷியாங்,
தூக்கம் ஒட்டிய குரல்:
"வெளியிலிருந்து கலந்ததாக இருக்கும்.
ஊசி ஏற்றும்போது அப்படி ஆவதுண்டு."
அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

"ஆள் யார்?"
"ஹம்டான். ஐம்பத்தாறு. நீரிழிவு.
நாலு நாளாகக் காய்ச்சல். நுரையீரலில் நிழல்.
கோல்கீப்பராம், யீஷூனில் மூத்தோர் குழுவுக்கு.
போன வாரம் மழையில் ஆடி..."

மழை என்ற சொல்லோடு
எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"கலப்படம் என்று எழுதாதீர்கள் டாக்டர்.
தட்டில் முளைக்க மூன்று நாளாகும்.
தட்டு காத்திருக்கட்டும்.
மருந்து காத்திருக்க வேண்டாம்."

முதல் நாள் தட்டில் ஒன்றுமில்லை.
ஒன்று இரண்டாகிக்கொண்டிருந்தது, இரண்டு நாலாக,
அவசரமே இல்லாத பெருக்கல்.
மறுநாள் ஊசிமுனைப் புள்ளிகள்.
மூன்றாம் நாள் ஊதா நிறத்தில்
சுருங்கிக் காய்ந்த பூக்கள்.
முகர்ந்து பார்க்காதே என்பது
இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லப்படுவது.
மண்வாசம் வீசுமாம்.
நான் நம்பிக்கொண்டேன்.

மெலியோய்டோசிஸ் என்று தட்டச்சு செய்தேன்.
பெயரில் ஏதோ மெலிவு இருக்கிறது,
நோயில் இல்லை.

அதற்கு ஹம்டானைத் தெரியாது.
பகையும் கிடையாது.
ஈர மண்ணில் தன்னை விழுங்க வரும்
அமீபாவின் வயிற்றிலேயே
குடித்தனம் நடத்திப் பழகிய சாதி.
வெள்ளணு வந்து விழுங்கியபோது
இதுவும் அந்தப் பழைய தெருதான் என்று
நினைத்திருக்கும், நினைக்குமென்றால்.
அடைத்த பையைக் கிழித்து,
வீட்டுக்காரரின் நாரையே உருவி வாலாக்கி,
அந்த வாலால் உந்தி அடுத்த வீட்டுக்குப் போய்,
இடைச்சுவரை உடைத்து,
இரண்டு வீட்டை ஒன்றாக்கி,
மூன்றை, நாலை,
எல்லாம் வீவக அனுமதி இல்லாமலே.

மண்ணுக்குள் போகிறவர்கள்தாம் நாம் எல்லோரும்.
ஹம்டானுக்கு மட்டும்
மண் முந்திக்கொண்டு உள்ளே வந்தது,
பந்துக்குப் பாய்ந்து விழுந்த முழங்காலின்
ஒரு வெள்ளிக்காசு அகலச் சிராய்ப்பு வழியாக.
பந்தைப் பிடித்தாரா என்று
கேட்க மறந்துவிட்டேன்.

ஆட்களை நான் பார்ப்பதில்லை.
பட்டைக்கோடு, தேதி, வார்டு எண்.
இரண்டாம் புட்டி பதினேழு மணி நேரத்தில் கத்தியது.
மூன்றாவது ஒன்றரை நாள் தாங்கியது.
நான்காவதைச் செருகும்போது
என்னையறியாமல் மெல்லச் செருகினேன்,
தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல.

செவ்வாய், புதன், வியாழன்.
வேறு யார் யாருடைய புட்டிகளோ கத்தின.
ஐந்தாம் நாள் திரையில் ஒரு வரி:
வளர்ச்சி இல்லை.
எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
பச்சை. இன்னும் பச்சை.
ஒரு மனிதரைப் பற்றி எனக்கு எட்டும் நல்ல செய்தி
இவ்வளவுதான், பேசாத ஒரு புட்டி.

இனி மாதக்கணக்கில் மாத்திரை.
ஒன்றை மறந்தாலும் அது மறக்காது;
உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில்
படுத்துக் கிடக்கத் தெரிந்தது.

காலை ஏழரை. மாற்று ஆள் வந்தாயிற்று.
கையை இரண்டு முறை கழுவினேன்.
கீழே சாலையோரம் தோண்டிப் போட்ட செம்மண்,
அதன்மேல் சோவென்று மழை.
எனக்குப் பிடித்த வாசம்தான், இன்றும்.

செருப்பைப் பையில் போட்டுவிட்டுச்
சப்பாத்தை மாட்டிக்கொண்டேன்.