அட்டைப்படம்

பதினான்கு நாடுகளின் ஓய்வூதிய நிதிகள்
சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புக்கு
பெருங்குடியில் ஒன்பதாவது மாடி.
சன்னலுக்குக் கீழே பள்ளிக்கரணை,
நாரைகள், குப்பைமேட்டுப் புகை.
அங்கே உட்கார்ந்துதான்
டென்மார்க்கின் முதுமைக்கு
நான் நிறம் தேர்ந்தெடுக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு சைக்கிள் போதும்.
அயர்லாந்துக்கு நனைந்த நாய்.
சிலிக்கு மலை, பேரப்பிள்ளை, கம்பளித் தொப்பி.
பல்வரிசை மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றே.

இந்த ஆண்டறிக்கையில் இந்தியாவுக்கும் ஒரு பக்கம்.
ஆலையில் உழைத்தவர், அறுபதைக் கடந்தவர்,
கவலையில்லாத முகம் வேண்டுமாம்.
வெள்ளிக்கிழமைக்குள்.

வேறெங்கே போய்த் தேட?
எங்கள் குடியிருப்பு வாசலில் ஏகாம்பரம் இருந்தார்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் பிரஸ் ஷாப்.
இடதுகைச் சுண்டுவிரல்
அங்கேயே வேலையில் நின்றுவிட்டது.
முதலாளி பணம் கட்டாத நான்கு வருஷம் போக
மாதம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்கு
ராயப்பேட்டை பி.எஃப். ஆபீசுக்குப்
பதினோரு நடை போனதைச் சொன்னார்,
குறையாக இல்லை,
ஊருக்குப் புதியவருக்கு வழி சொல்வதுபோல.
எந்த கவுண்டரில் ஃபேன் ஓடும் என்பது வரைக்கும்.

தொப்பியைக் கழற்றி
தண்ணீர் தொட்டுத் தலை வாரினார்.
"சிரிக்கணுமா?"
"லேசா."
நடுவில் ஒரு கார் ஹாரன் அடித்தது.
ஓடிப்போய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து,
திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்து சிரித்தார்.

காவலாளி என்று தெரிகிறதே, என்றது பிரஸ்ஸல்ஸ்.
கழுத்தோடு வெட்டினேன்.
நீலச் சட்டை போனது, தோள்பட்டைக் கம்பெனிப் பெயர் போனது.
பின்னால் இருந்த மீட்டர் பெட்டிகளை மங்கலாக்கினேன்.
மங்க மங்க அவை கடல் மாதிரி ஆயின.
யாரும் திருத்தம் சொல்லவில்லை.

வழவழப்பான தாளில் அச்சாகி வந்ததை
ஒரு ராத்திரி அவரிடம் கொடுத்தேன்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.
கீழே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது?
'உழைத்த கைகளுக்கு ஓய்வு.'
கை எங்கே என்று கேட்பார் என நினைத்தேன்.

"நல்லா இருக்காரும்மா" என்றார்.
பக்கத்தைப் புரட்டி டென்மார்க் சைக்கிளைப் பார்த்தார்.
மறுபடி தன் பக்கத்துக்கே வந்தார்.
"இவருக்கு மாசம் எவ்ளோ வரும்?"

பி பிளாக் டாக்டரின் கார் வந்து நின்றது.
வருகைப் பதிவேட்டுக்கு அடியில்
புத்தகத்தைச் செருகிவிட்டு எழுந்தார்,
தொப்பியைத் தேடிக்கொண்டே.
அது என் கையில் இருந்தது.