ஒன்று பிளஸ்

மல்லாந்து படுங்கள், மைதீன் பிச்சை.
கூரையைப் பாருங்கள், பேச வேண்டாம்.
முழங்கைக்கு மேலே ஒரு கை
மணிக்கட்டில் ஒரு கை எனப் பிடித்துக்கொண்டு
மடங்கிக் கிடக்கும் உங்கள் இடக்கையை
நீட்டப் போகிறேன்.
ஆயிரத்தொன்று என்று மனசுக்குள் சொல்லும் நேரம்,
அதற்குள் நீட்டி முடிக்க வேண்டும்.
கருவி கிடையாது.
என் கைதான் கருவி.

மெதுவாக இழுத்தால் ஒன்றும் தெரியாது.
வைக்கோல் லாரி புளியரை வளைவில்
ஊர்வதுபோல
கை பேசாமல் கூடவே வரும்.
வேகம் காட்டினால்தான்
எங்கோ பாதியில், யாரோ உள்ளேயிருந்து
வெடுக்கென்று பிடிப்பார்கள்.
பிடித்த இடம் எது,
பிடித்துவிட்டு விட்டார்களா,
விடாமல் கடைசிவரை முரண்டினார்களா.
இதற்குத்தான் எண்.

பூஜ்யத்திலிருந்து நாலு வரை என்றதும்
படுத்தபடியே சிரித்தார்.
"நியூட்ரல்ல இருந்து டாப் கியர்னு சொல்லுங்க."
இருபத்தேழு வருசம்
செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு
லோடு அடித்தவர்.
கியர் போட்டது இந்தக் கைதான்.

இரண்டு என்று எழுதினேன்.
ஆரியங்காவிலிருந்து காலை ரயிலில் வரும் ஷிஜி
பத்து நிமிஷம் கழித்து
அதே கையை நீட்டிப் பார்த்தாள்.
"ரெண்டு ஒண்ணும் இல்லா சேச்சி,
ஒண்ணு பிளஸ்."
அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல
எந்த வண்டியிலம்மா கியர் இருக்கு?"

ஷிஜி சொன்னதும் பொய்யில்லை.
நான் நீட்டியதே அதைக் கொஞ்சம் இளக்கியிருக்கும்.
இரண்டாவதாக அளப்பவருக்குக் கிடைப்பது
வேறு கை.
சாரல் நாளில்
கணவாய் வழியே காற்று இறங்கினால்
ஒரு எண் கூடும்.
மூத்திரம் முட்டினால் கூடும்.
கடன் கேட்டு மச்சினன் போன் செய்தால்
கூடும்.
எந்த மணிக்கு, எந்தக் காற்றில்
இவர் கையை இவர் கை என்று எழுதுவது?

சுவரோரம் நின்ற சுலைகாள் பீவி
நாங்கள் தர்க்கம் முடிக்கும்வரை காத்திருந்து
தன் கணக்கைச் சொன்னாள்.
"போன மாசம் சட்டைக்கை மாட்ட
உலை ரெண்டு கொதி கொதிச்சிரும்.
இப்பம் ஒரு கொதிதான்.
நகம் வெட்டுனேன், நாலு விரல்ல.
கட்டைவிரல்தான் உள்ள போயி
ஒளிஞ்சுக்கிடுது.
உள்ளங்கையில புளிச்ச வாடை
இப்பம் இல்ல."
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பேனா ஒழுங்காக ஓடாத இடத்தில்,
எழுதிக்கொண்டேன்:
ஒரு கொதி. நாலு விரல். வாடை இல்லை.

அந்த நேரம் அவருக்குக் கொட்டாவி வந்தது.

தாடை திறக்கத் திறக்க
இடக்கை, யாரும் தொடாமல்,
விரிப்பிலிருந்து எழுந்தது.
முழங்கை கொஞ்சம் விரிந்து
கியர்க் கம்பி உயரத்தில்
அந்தரத்தில் நின்றது.
ஐந்து மாதமாகக் கெஞ்சியும் மிரட்டியும்
அரையங்குலம் எழும்பாத கை.
அடுத்த வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல
அதை அவர் பார்த்தார்.
கொட்டாவி முடிந்தது.
கை தன் பழைய மடிப்புக்குள் போய்ப்
படுத்துக்கொண்டது.

"இதுக்கு என்ன நம்பர் போடுவீங்க?"

இது அவர் தூக்கியது இல்லை,
மூளையின் அடியில் ஏதோ ஒரு பழைய பாதை,
இதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ஷிஜி
"இன்னொரு வட்டம் விடுங்க" என்றாள்.
கேட்டால் வருமா கொட்டாவி?
அவள் வாயைப் பிளந்து காட்டினாள்.
சுலைகாள் பீவி முந்தானையால் மூடிக்கொண்டு
பிளந்து காட்டினாள்.
பக்கத்துக் கட்டிலில் முட்டிவலிக்காரரும்
எதற்கென்று கேட்காமல் சேர்ந்துகொண்டார்.
மைதீன் பிச்சை வாயை இறுக மூடி
இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது எனக்குத்தான்.