ஓ.பி. சீட்டு

பேர் என்ன என்றாள் கவுன்ட்டர் பெண்.
லோகித். வயது பதினொன்று.
பாதி எழுதிவிட்டாள்.
இல்லைம்மா, இன்றைக்கு எனக்கு.
அடித்துவிட்டு நிமிர்ந்தாள்: அப்போ உங்க பேர்?
கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.
நாகவேணி.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி,
புதனும் சனியும், ஏழு வருஷம்.
டிரைவர் பின்னால் மூன்றாவது சன்னல் அவனுக்கு.
வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்
சர்க்கரை ஆலை தாண்டும்வரை அலறல்.
வளர்ப்பு சரியில்லை என்பார்கள்
என் முதுகுக்குக் கேட்கும்படி.
முதுகுதான் முதலில் தூக்கத்தை விட்டது.
அப்புறம் நான்.

டாக்டர் சின்னப் பெண்.
சாப்பிடுகிறீர்களா, என்றாள்.
இட்லி மட்டும்தான், அதுவும் வெள்ளை வெளேரென்று இருக்கணும், என்றேன்.
நீங்கள், என்றாள்.

எட்டு வயசுவரை ஒரு சொல் இல்லை அவனிடம்.
அம்மா என்பான் என்று வாயையே பார்த்துக் கிடந்தேன்.
ஒருநாள் தக்காளி மண்டியில்
அப்பா தோளில் தாடையை வைத்து
"பதினஞ்சு கிலோ" என்றான்.
மாதேஷ் கிரேட்டைக் கீழே போட்டுவிட்டு
மண்டி முழுக்க ஓடினார்,
பதினஞ்சு கிலோ! பதினஞ்சு கிலோ!
விலை ஏறிவிட்டதா என்று
ராயக்கோட்டை வியாபாரி ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

டாக்டர் சிரித்தாள். நானும்.
சிரித்த வாயோடுதான் அதையும் சொன்னேன்:
அவனுக்கு அப்புறம் ஒரே ஒரு நாள்
நான் இருந்தால் போதும்.

வேண்டுதல் மாதிரி வந்துவிட்டது.
எனக்கே காது அடைத்தது.
எந்தத் தாய்
பிள்ளையை முன்னால் அனுப்பிக் கணக்குப் போடுவாள்?
அவள் பேனாவை மூடினாள்.
நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.
நிறையப் பேர் சொல்கிறார்கள் அக்கா, என்றாள்.

நிறையப் பேர்.
எந்தெந்த ஊரில், எந்தெந்த பஸ்ஸில்.

மாத்திரை ஒரு மாதத்துக்கு.
கவரின் மேல் என் பேர்,
எழுத்துப் பிழையோடு.

திரும்புகையில் மூன்றாவது சன்னல் காலி.
பழக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து இடம் விட்டேன்.
அப்புறம் நகர்ந்தேன்.
அவன் சாய்ப்பதுபோல் தலையைக் கம்பியில் சாய்த்தேன்.
கரண்ட் கம்பி தாழ்கிறது, தாழ்கிறது,
தூண் வந்ததும் துள்ளி மேலே.
மறுபடி தாழ்கிறது.
இதையா பார்த்துக்கொண்டிருந்தாய்,
உன் கன்னத்தைத் திருப்பித் திருப்பி
என்னைப் பார், என்னைப் பார் என்று
நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது?

பாலக்கோடு வந்தாச்சு, இறங்கலையாக்கா?
கண்டக்டர் சீட்டின் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறார்.
பையன் எங்கே?

மண்டியில், என்றேன்.
வேலையாக இருக்கிறான்.